வெறுங்காலுடன் கிளாஸ்கோ சென்ற முஹம்மது சலீம்: ஒரு பந்தாட்டக்காரரின் வாழ்வும் நமது பிள்ளைகளும்

"ஹஜ்ரத், பையன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. விடிந்தால் பந்து, அடைந்தால் பந்து. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்." கடம்பத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெற்றோர் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. இதற்கு நேர் எதிரான பெற்றோரும் உண்டு. மகன் ஒரு டோர்னமெண்டில் கோப்பை வாங்கிவிட்டால் போதும். படிப்பை நிறுத்திவிட்டு சென்னையில் கோச்சிங் சேர்க்கலாமா, அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டு வருவார்கள்.

முதல் தரப்பார் விளையாட்டை வீண் என்று நினைக்கிறார்கள். இரண்டாம் தரப்பார் விளையாட்டையே வாழ்க்கை என்று நம்புகிறார்கள். இரு தரப்பாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் நமது சமுதாயத்திலேயே இருந்திருக்கிறார். ஐரோப்பியக் கால்பந்து கிளப் ஒன்றின் சட்டையை அணிந்து ஆடிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் கல்கத்தா முஹம்மது சலீம்தான் அவர். அவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது செய்திகள் வலம் வருகின்றன. அவற்றில் உண்மையும் இருக்கிறது, கூட்டிச் சொன்னதும் இருக்கிறது. எனவே அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மெட்டியாபுருஜில் பிறந்தவர்

சலீம் 1904-ல் கல்கத்தாவின் மெட்டியாபுருஜ் பகுதியில் பிறந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா, 1856-ல் ஆங்கிலேயர் தமது ஆட்சியைப் பறித்த பின் வந்து குடியேறிய இடம். நவாபின் காலம் முடிந்த பிறகும் தையல்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த முஸ்லிம் பகுதியாக அது நிலைத்தது. சலீமின் குடும்பம் வசதியான குடும்பம் அல்ல. அவர் மருந்தாளர் படிப்புப் படித்தவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

அவருக்கு ஏழு வயது இருக்கும்போது வங்காளத்தையே உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், கல்கத்தாவின் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் என்ற ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை 2–1 என்று வென்றது. பட்டாளத்தார் பூட்ஸ் அணிந்து ஆடினார்கள். மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்கால். ஆள்பவனை அடிமைப்பட்டவன் மைதானத்திலாவது வெல்ல முடியும் என்ற எண்ணம் அன்று வங்காளச் சிறுவர்கள் மனத்தில் விழுந்தது. சலீமும் அந்தத் தலைமுறைப் பிள்ளை.

அந்தக் காலத்து இந்தியர் வெறுங்காலால் ஆடியதற்கு ஏழ்மை மட்டும் காரணம் அல்ல. தெருவிலும் வயலிலும் வெறுங்காலால் ஆடிப் பழகியவனுக்குப் பந்தைக் கால்விரல்களால் உணர்ந்து ஆட முடிந்தது. கனத்த தோல் பூட்ஸ் அந்த உணர்வைக் கெடுத்தது. மழைக்காலத்துச் சேற்றில் மட்டும் வெறுங்கால் வழுக்கும். அப்போது பூட்ஸ் அணிந்தவன் கை ஓங்கிவிடும். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியபோதும் நமது வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன்தான் இறங்கினார்கள்.

முஹமதன் ஸ்போர்ட்டிங்கின் பொற்காலம்

சலீம் ஒரே நாளில் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிடவில்லை. சிறு கிளப்புகளில் தொடங்கி, முஹமதன் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணியில் இடம்பெற்று, பிறகு ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் ஆகிய கிளப்புகளில் ஆடித் தேர்ந்தார். இவற்றில் பல ஹிந்து சகோதரர்கள் நடத்திய கிளப்புகள். ஒரு முஸ்லிம் இளைஞனின் காலில் உள்ள திறமையைக் கண்டுகொண்டு தட்டிக்கொடுத்து வளர்த்தவர்களில் அவர்களும் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது. முப்பது வயதுவாக்கில் அவர் மீண்டும் முஹமதன் ஸ்போர்ட்டிங்குக்கே வந்து சேர்ந்தார்.

முஹமதன் ஸ்போர்ட்டிங் 1891-ல் தொடங்கப்பட்ட கிளப். கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியது. அதிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கோப்பை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. பட்டாளத்து அணியோ வெள்ளையர் கிளப்போ மாறி மாறி வென்றன. 1934-ல் முஹமதன் ஸ்போர்ட்டிங் அதை முதன்முதலாக வென்றது. வென்றதோடு நிற்கவில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தக் கோப்பை அவர்களிடமே இருந்தது. 1936-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் கிடைத்தது. அந்த அணியின் வலது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் சலீம். கல்கத்தா மைதானத்தில் மட்டுமல்ல, நாட்டின் பல பகுதிகளிலும் முஸ்லிம்கள் இந்த வெற்றிகளைக் கொண்டாடினார்கள்.

கடல் கடந்த பயணம்

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்றுகொண்டிருந்த சீன அணி வழியில் கல்கத்தாவில் ஆடியது. அந்த அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் சலீம் ஆடினார். அடுத்த ஆட்டத்திற்கு ஆளைக் காணவில்லை. பிரிட்டனில் வசித்துவந்த ஹாஷிம் என்ற உறவினர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் திறமை இங்கேயே முடங்கக்கூடாது" என்று அவரைக் கப்பலேற்றி அழைத்துச் சென்றுவிட்டார்.

ஹாஷிம் வேலை பார்த்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் துறைமுகத்தில். கல்கத்தாவிலிருந்து போன நமது கப்பல் தொழிலாளர்களுக்கு அந்த நகரம் புதிதல்ல. அங்குள்ள பெரிய கால்பந்து கிளப் செல்டிக். அந்தக் கிளப் பிறந்த கதையும் நமக்குத் தெரிய வேண்டியதுதான். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்க மக்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வறுமையில் கிடந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காக வால்ஃபிரிட் என்ற கத்தோலிக்கத் துறவி 1887-ல் தொடங்கிய கிளப் அது. ஒரு சிறுபான்மைச் சமுதாயம் தன் ஏழைப் பிள்ளைகளுக்காக உண்டாக்கிய அணியின் கதவை, இன்னொரு சிறுபான்மைச் சமுதாயத்தின் பிள்ளை போய்த் தட்டினான்.

செல்டிக்கின் மேனேஜர் வில்லி மேலி அந்தப் பொறுப்பில் நாற்பதாண்டுக் காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவரிடம் ஹாஷிம், இந்தியாவிலிருந்து ஒரு சிறந்த ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஒரு முறை சோதித்துப் பாருங்கள், ஆனால் அவர் வெறுங்காலால்தான் ஆடுவார் என்று சொன்னார். பூட்ஸ் அணிந்த ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களுக்கு நடுவே வெறுங்காலா என்று சிரித்து அனுப்பியிருக்கலாம். மேலி அப்படிச் செய்யவில்லை. ஆளை இறக்கிப் பார்த்தார். பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

சலீமின் பாதங்களுக்கு பேண்டேஜ் துணி சுற்றி இறக்குவது என்று முடிவானது. கிளப்பின் பழம்பெரும் வீரர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலில் துணி சுற்றும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. 1936-ஐ நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் வெள்ளையர் கிளப்புகளின் வாசலைக்கூட நம்மவர் மிதிக்க முடியாத காலம். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் மண்டியிட்டு ஓர் இந்திய முஸ்லிமின் பாதத்துக்குத் துணி சுற்றுகிறார். திறமை வாங்கித் தந்த மரியாதை அது.

சலீம் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹாமில்டன் அணியுடன் ஒன்று, கால்ஸ்டன் அணியுடன் ஒன்று. கால்ஸ்டன் ஆட்டத்தில் செல்டிக் 7–1 என்று வென்றது. மறுநாள், 1936 ஆகஸ்ட் 29 அன்று, ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அவரை வித்தைக்காரர் என்றே தலைப்பிட்டு எழுதியது. பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டு வருவதையும், கால்விரல்களின் மேல் அது நிற்பதையும் அந்த நிருபர் வியந்து வர்ணித்திருந்தார்.

கேட்டதையெல்லாம் பரப்பாதீர்கள்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சலீம் செல்டிக்கின் முதல் அணியில் பல ஆண்டுகள் ஆடினார், ஐரோப்பாவையே வென்றார் என்றெல்லாம் முகநூலில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அவர் ஆடியது இரண்டே ஆட்டங்கள். அவையும் கிளப்பின் இரண்டாம் நிலை அணிக்காக, அலையன்ஸ் லீக் என்ற போட்டியில். சில மாதங்களில் ஊர் நினைவு வாட்ட, கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார்.

மதரஸாவில் ஹதீஸ் கலை படிக்கும்போது, ஒரு செய்தி யார் வழியாக வந்தது என்று முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நமது சமுதாயத்துப் பெரியவரைப் புகழ்கிறோம் என்பதற்காக அந்த விதி தளர்ந்துவிடாது. அந்த ஆட்டங்கள், காலில் சுற்றிய துணி, பத்திரிகையின் வியப்பு ஆகியவற்றுக்கு அந்தக் காலத்துச் சான்றே இருக்கிறது. அவை போதும். மிகைப்படுத்தாமலேயே அவர் பெரியவர்தான்.

இன்னொரு செய்தி அவருடைய குடும்பத்தார் வழியாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் வழியாகவும் வருகிறது. அவரை எப்படியாவது நிறுத்திவைக்க விரும்பிய செல்டிக், ஒரு தர்ம நிதி ஆட்டம் நடத்தி அதன் வசூலில் ஐந்து சதவீதத்தை அவருக்குத் தருவதாகச் சொன்னது. அந்தப் பங்கு 1800 பவுண்டுக்கு வந்தது. சலீம் அதைத் தொடவில்லை. ஆட்டம் பார்க்க அழைத்து வரப்பட்டிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடச் சொன்னார்.

1800 பவுண்டு என்றால் எவ்வளவு? அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு வாரத்துக்கு எட்டு பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், உச்சச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆடிச் சம்பாதிக்கும் தொகை. எத்தீம்களைப் பராமரிப்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி விளக்கினார்கள் என்பதை நமது மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். சலீம் அதை மைதானத்தில் நின்று செய்தார்.

முதுமையும் ஒரு கடிதமும்

ஊர் திரும்பிய சலீம் மீண்டும் முஹமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினார். அடுத்தடுத்த லீக் கோப்பைகளில் பங்கு பெற்றார். பிறகு வயது வந்தது, கால் ஓய்ந்தது. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வருவதுதான். அதன்பின் நாற்பது ஆண்டுகள் மைதானத்தின் ஆரவாரம் இல்லாமல் வாழ்ந்தார். 1980-ல், எழுபத்தாறாம் வயதில் வஃபாத் ஆனார்.

அவர் முதுமையில் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தை உடல்நலமில்லாமல் இருக்கிறார், சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருக்கிறது என்பது கடிதத்தின் சாரம். பணம் தமது நோக்கமல்ல என்று அந்த மகன் பின்னாளில் விளக்கியிருக்கிறார். நாற்பதாண்டுகளுக்கு முன் இரண்டே ஆட்டங்கள் ஆடிய தம் தந்தையை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அறிவதற்காகத்தான் எழுதினாராம். பதில் வந்தது. உள்ளே 100 பவுண்டுக்கான காசோலையும் இருந்தது. அதை மாற்றாமல் அப்படியே பாதுகாத்து வைத்துக்கொண்டார் மகன்.

இந்தச் சம்பவத்தில் ஆறுதலும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. கடல் கடந்த கிளப் நினைவில் வைத்திருந்தது. ஆனால் லட்சக்கணக்கில் கைதட்டிய நமது மக்களில் பலருக்கு அவர் உயிரோடு இருப்பதே தெரிந்திருக்காது. கைதட்டல் அவ்வளவுதான். அதை நம்பி ஒரு வாழ்க்கையைக் கட்ட முடியாது.

அமெரிக்காவில் ஒரு ஹுசைன்

இதே பாடத்தை நமது காலத்தில், இன்னும் பெரிய பணம் புழங்கும் இடத்தில், இன்னொரு முஸ்லிம் ஆட்டக்காரர் காட்டியிருக்கிறார். அவர் பெயர் ஹுசைன் அப்துல்லாஹ். 1985-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த கறுப்பின அமெரிக்க முஸ்லிம். அவர் ஆடியது நாம் அறிந்த கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். தலைக்கு ஹெல்மெட், தோளுக்குக் கவசம். பந்து வைத்திருப்பவரை எதிரணியார் மோதிச் சாய்ப்பார்கள். நமது கபடியில் ரெய்டரைப் பிடித்து அமுக்குவதைப் போல, ஆனால் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவது.

2008-ல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எந்த அணியும் ஹுசைனை எடுக்கவில்லை. பிறகு மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆகஸ்ட் மாத வெயிலில் நடக்கும் பயிற்சி முகாமில் ரமளான் வந்தபோதும் நோன்பை விடாமல் ஆடினார். 2012-ல் இருபத்தேழு வயது, உடல் நல்ல நிலையில் இருக்கும் பருவம். அந்த ஆண்டு முழுவதும் ஆட்டத்திலிருந்து விலகி, அதே தொழிலில் இருந்த தம் அண்ணன் ஹம்ஸாவுடன் ஹஜ்ஜுக்குச் சென்றார். ஒரு வருடம் வெளியே இருந்த ஆட்டக்காரரை மறுபடி யார் எடுப்பார்கள் என்ற உறுதி இல்லை. அல்லாஹ்வின் அருளால் 2013-ல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

2014 செப்டம்பர் 29 இரவு, நாடே தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டத்தில், டாம் பிராடி என்ற புகழ்பெற்ற வீரர் எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்து, 39 கஜம் ஓடி எல்லையைத் தொட்டார். தொட்டதும் முழங்காலில் சறுக்கிச் சென்று ஸஜ்தாவில் விழுந்தார். தரையில் விழுந்து கொண்டாடக்கூடாது என்ற விதியைக் காட்டி நடுவர் தண்டனை அளித்தார். மறுநாளே, வணக்கத்துக்காகத் தரையில் விழுவது அந்த விதியில் வராது, தண்டனை அளித்தது தவறு என்று லீக் நிர்வாகம் அறிவித்தது. ஹுசைன் இதைப் பெரிய சண்டையாக ஆக்கவில்லை. தாம் சறுக்கியதும் காரணமாக இருக்கலாம் என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஸஜ்தாவின் வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதைவிடப் பெரிய முடிவை அவர் 2016 மார்ச்சில் எடுத்தார். முப்பது வயதில் ஆட்டத்தையே விட்டார். மோதல்களில் ஐந்து முறை அவருக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருந்தது. இனியும் தொடர்ந்தால் அறிவுக்கே ஆபத்து என்று கண்டு ஒதுங்கினார். மண்டைக்குள் மூளை ஒரு நீரில் மிதக்கிறது. பலமாக மோதும்போது அது உள்ளேயே எலும்பில் இடித்துக்கொள்கிறது. வெளியே இரத்தம் வராது. ஹெல்மெட்டும் இதை முழுவதும் தடுக்காது. 2002-ல் டாக்டர் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர், இறந்துபோன முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப விழுந்த அடிகளின் சேதத்தை வெளிப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் இது பெரும் விவாதமானது.

உடல் நமக்குச் சொந்தமானது அல்ல, அமானிதம். உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்பது நபிகளாரின் போதனை. இரவெல்லாம் நின்று வணங்குவதற்கே அந்த வரம்பு சொல்லப்பட்டது என்றால், விளையாட்டுக்கு எம்மாத்திரம்!

நமது பிள்ளைகளுக்கு வருவோம்

கடம்பத்தூர் ஸ்டேஷனில் விடியற்காலையில் நின்று பாருங்கள். நமது இளைஞர்கள் டிபன் பாக்ஸுடன் ரயிலுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் காத்திருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஷிஃப்ட் வேலை. பெரும்பாலும் கான்ட்ராக்ட். ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கும் மூச்சு. அதையும் வீண் என்று தள்ளிவிட்டால் அந்த நேரம் எங்கே போகும் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். செல்போனுக்குப் போகும், அதைவிட மோசமான இடங்களுக்கும் போகும்.

மார்க்கம் விளையாட்டைத் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ருகானா என்ற மல்லருடன் மல்யுத்தம் செய்திருக்கிறார்கள். பலமான மூமின் பலவீனமான மூமினைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் கற்பித்திருக்கிறார்கள். ஆனால் சில வரம்புகள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது தொழுகை. மாலை ஆட்டம் அஸரையும் மஃரிபையும் விழுங்கிவிடுகிறது. மைதானத்து ஓரத்தில் ஒரு பாயும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டு ஆடலாம். அணித் தலைவன் தொழுதால் அணி தொழும்.

இரண்டாவது உடை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைப்பது கட்டாயம். அரைக்கால் சட்டைக்கு உள்ளே முழங்காலை மறைக்கும் தளர்வான உடை அணிந்து ஆடுவதை இன்று எந்த அணியும் தடுப்பதில்லை.

மூன்றாவது பரிசுப் பணம். அணிகளிடம் என்ட்ரி ஃபீஸ் வாங்கி, அந்தப் பணத்தையே திரட்டி வென்றவருக்குக் கொடுப்பது சூதாட்டத்தின் சாயலில் விழுகிறது என்று மார்க்க அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர், ஒரு கடைக்காரரோ ஜமாஅத்தோ, பரிசைத் தந்தால் அந்தச் சிக்கல் இல்லை. என்ட்ரி ஃபீஸை மைதானச் செலவுக்கும் குடிதண்ணீருக்கும் மட்டும் பயன்படுத்தலாம்.

நான்காவது உடல். பந்தோ தலையோ மோதி அடிபட்ட பிள்ளை தலைவலி என்கிறான், வாந்தி எடுக்கிறான், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறான் என்றால் அன்று அவனை மீண்டும் மைதானத்தில் இறக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து எழுப்பி ஆடவிடுவது வீரம் ஆகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் அனுமதித்த பிறகே அவன் மறுபடி பந்தைத் தொட வேண்டும்.

ஐந்தாவது படிப்பு. சலீம் மருந்தாளர் படிப்பு முடித்தவர் என்று முன்பே சொன்னோம். காலில் வித்தை இருந்தாலும் கையில் ஒரு தொழில் இருந்தது. நகையை அடகு வைத்து கோச்சிங் சேர்க்க நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் விளையாட்டு வீரர்களுக்குச் சோறு போட்டதே பெரும்பாலும் ரயில்வே, வங்கி, காவல்துறை வேலைகள்தான். இந்திய அணிக்காக ஆடிய சென்னையின் சையத் சபீர் பாஷாவும் இந்தியன் வங்கி அணியில் ஆடி வளர்ந்தவரே. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவர்களுக்கு விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. அங்கே தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறலாம். இந்த வாய்ப்புகளுக்கெல்லாம் மதிப்பெண் பட்டியலும் பங்கேற்புச் சான்றிதழும் வேண்டும். பள்ளியை விட்ட பிள்ளைக்கு இந்தக் கதவுகள் திறக்காது. உள்ளூர் டோர்னமெண்ட் கோப்பையை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. மாவட்ட, மாநில அளவில் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஆடிய சான்றிதழ்தான் செல்லும். பிள்ளையின் உடற்கல்வி ஆசிரியரைப் பெற்றோர் ஒரு முறையாவது நேரில் சந்தித்துப் பேச வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் நன்றாக ஆடும் பிள்ளைகள் யார் யார் என்று நிர்வாகிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வில் மதிப்பெண் எடுத்தவருக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம். மாவட்ட அணிக்குத் தேர்வான பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுப்பதும் அதே போன்ற நற்பணிதான். வயது முதிர்ந்து வீட்டோடு இருக்கும் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்போய் நலம் விசாரியுங்கள். அவர்களிடம் நமது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நிறைய இருக்கும்.

சலீம் ஐரோப்பாவில் ஆடியது இரண்டு ஆட்டங்கள். ஹுசைன் ஆடியது சில ஆண்டுகள். ஆட்ட வாழ்க்கை எவ்வளவு நீண்டாலும் இருபது வயதில் தொடங்கி முப்பதுகளில் முடிந்துவிடும். அதற்குப் பின் இன்னும் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. சலீமிடம் அதற்கு ஒரு தொழிலும், அநாதைகளுக்குக் கொடுத்த தர்மமும் இருந்தன. ஹுசைனிடம் ஹஜ்ஜும், காப்பாற்றிக்கொண்ட அறிவும் இருந்தன. நமது பிள்ளைகளிடம் என்ன இருக்கும் என்பதை இன்றே யோசிக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாம்தான்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளின் உடலிலும் அறிவிலும் பரக்கத் செய்து, அவர்களின் திறமை பிறருக்குப் பயன்படும்படி ஆக்கியருள்வானாக. ஆமீன்.